ஜீஸியும் கூச்சி மேனும்: வளர்ந்தது யார்?

"2005இல் அமெரிக்காவின் அட்லான்டாவிலிருந்து ஏறக்குறைய ஒரே நேரத்தில் புறப்பட்ட ராப் பாடகர்கள் ஜீஸி, கூச்சி மேன் இருவரில் கலைஞராக அதிகம் வளர்ந்தவர் யார்? இருவருமே கடைசிவரை ஒரே விஷயத்தைத்தானே பாடினார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வளர்ச்சி என்று பார்த்தால் கூச்சி மேன். ஆனால் இருவர் ஆல்பங்களிலும் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்றால் ஜீஸியின் ஆல்பத்தைத்தான் எடுப்பேன். இந்த இரண்டும் எப்படி ஒன்றாக நிற்க முடியும் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இருவரும் பாடியது ட்ராப் என்ற ராப் வகை. ட்ராப் என்றால் பொறி. அட்லான்டாவின் ஏழைத் தெருக்களில் போதைப்பொருள் விற்கும் வீட்டுக்கு அந்தப் பெயர். உள்ளே போவது எளிது, வெளியே வருவது கடினம் என்பதால் வந்த பெயர். 2003இல் அட்லான்டா ராப்பர் டி.ஐ. தன் இரண்டாவது ஆல்பத்துக்கு அந்தச் சொல்லையே தலைப்பாக்கிய பிறகு, அது ஓர் இசை வகையின் பெயராகவும் நிலைத்துவிட்டது. அடிநாதமாக ரோலண்ட் 808 என்ற டிரம் இயந்திரத்தின் ஆழமான அதிர்வு, அதன் மேல் மழைத்தூறல் போல விழும் ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டின் ஒலி, அதற்கும் மேல் இருண்ட சிந்தசைசர். பாடுபொருள் பெரும்பாலும் அந்த வீட்டுக்குள் நடப்பதுதான். விஷயம் ஒன்று என்பது உண்மை. ஆனால் ஒரே பாடுபொருளை நூறு புலவர்கள் பாடிய மரபில் வந்தவர்கள் நாம். பாலைத்திணையில் பிரிவு ஒன்றுதான். கவிஞனுக்குக் கவிஞன் மாறுவது, அந்தப் பிரிவை அவன் எங்கே நின்று பார்க்கிறான் என்பது. இவர்களையும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

அன்றைய சூழலையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1995 ஆகஸ்டில் நியூயார்க்கில் நடந்த சோர்ஸ் என்ற ராப் இசை விருது விழாவில் அட்லான்டாவின் அவுட்காஸ்ட் என்ற ராப் இரட்டையர் மேடையேறியபோது கூட்டம் கூச்சலிட்டு அவமதித்தது. தெற்குக்கும் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்று அவர்களில் ஒருவரான ஆந்த்ரே 3000 அந்த மேடையிலேயே பதில் சொன்னார். பத்தே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 2005இல் அமெரிக்க ராப் இசையின் தலைநகரம் எது என்று கேட்டால் அட்லான்டா என்று சொல்லும் நிலை வந்துவிட்டது. அந்த ஆண்டில்தான் இவர்கள் இருவரும் வருகிறார்கள்.

இருவருமே அட்லான்டாவில் பிறந்தவர்கள் அல்லர். ஜீஸி 1977இல் தென் கரோலைனாவின் கொலம்பியாவில் பிறந்து, அட்லான்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தில் வளர்ந்தவர். கூச்சி மேன் 1980இல் அலபாமாவின் பெஸ்ஸமரில் பிறந்தார். 808 இயந்திரம் சந்தைக்கு வந்ததும் அதே ஆண்டுதான். சிறுவயதில் ஆசிரியையான தாயுடன் கிழக்கு அட்லான்டாவுக்கு வந்து சேர்ந்தார். 'கூச்சி' என்பது அவர் தந்தைக்கு இருந்த பட்டப்பெயர். கூச்சியின் உச்சரிப்பில் கடைசிவரை அந்த அலபாமா இழுவை இருந்தது. மூக்கடைத்தவர் பேசுவது போன்ற அந்தக் குரலைக் கேட்டுப் பலர் அன்று முகம் சுளித்தார்கள்.

பகை எங்கே தொடங்கியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் பின்னால் வருவது விளங்காது. 'ஐஸி' என்றொரு பாடல். கூச்சியின் பாடல், ஜீஸி அதில் விருந்தினர், இசையமைப்பாளர் ஸேடோவன். பாடல் நகரம் முழுவதும் பற்றிக்கொண்டது. தனக்குச் சேர வேண்டிய பணம் வரவில்லை என்றார் ஜீஸி. ஜீஸியை ஒப்பந்தம் செய்திருந்த டெஃப் ஜாம் நிறுவனம் அந்தப் பாடலையே ஜீஸியின் ஆல்பத்துக்குக் கேட்டது, தான் கொடுக்க மறுத்தேன் என்பது கூச்சி தன் சுயசரிதையில் சொல்லும் கணக்கு. ஜீஸி ஒரு வசைப்பாடல் வெளியிட்டு, கூச்சியின் கழுத்துச் சங்கிலியைப் பறித்து வருபவருக்குப் 10,000 டாலர் என்று அறிவித்தார். மே 2005இல் ஒரு வீட்டில் சிலர் கூச்சியைத் தாக்கினார்கள். கூச்சி சுட்டார். ஜீஸியின் இசை வட்டத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் உயிரிழந்தார். கூச்சி மீது கொலைக் குற்றச்சாட்டு பதிவானது. தற்காப்பு என்றார் அவர். போதிய ஆதாரம் இல்லை என்று ஜனவரி 2006இல் வழக்கு கைவிடப்பட்டது. அவருடைய முதல் ஆல்பமான 'ட்ராப் ஹவுஸ்' வெளிவந்ததும் அந்த மே மாதத்தில்தான்.

ஓர் உயிர் போன இடத்திலிருந்து தொடங்கிய போட்டி இது. விளையாட்டுப் போட்டியைப் பேசுவது போல இதைப் பேச என்னால் முடியவில்லை. ஆகவே இனி இசையை மட்டும் பேசுகிறேன். கடைசியில் மீண்டும் இங்கே வர வேண்டியிருக்கும்.

ஜீஸியின் முதல் பெரிய ஆல்பம், 'லெட்ஸ் கெட் இட்: தக் மோட்டிவேஷன் 101', ஜூலை 2005இல் வந்தது. முதல் வாரத்தில் 1,72,000 பிரதிகள் விற்று, பில்போர்டு பட்டியலில் 2ஆம் இடத்தில் அறிமுகமானது. அதைக் கேட்டால் முதலில் காதில் விழுவது வார்த்தை அல்ல, குரல். சரளைக்கல்லில் வண்டி ஏறுவது போன்ற குரல். அவர் வேகமாகப் பாடுவதில்லை. ஒரு வரியில் சொற்களும் குறைவு. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் பெரிய இடைவெளி விடுகிறார். அந்த இடைவெளியில் அவருடைய குரலே இரண்டாவது தடவை ஒலிக்கிறது: ஒரு நீண்ட சிரிப்பு, இழுத்துச் சொல்லும் ஒரு 'ஆமாம்', 'அதுதான் சரி' என்பது போன்ற ஒரு முழக்கம். வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவாரே, அதேதான். வேறுபாடு, இங்கே புலவரும் அவரே, 'ஆமா' போடுபவரும் அவரே. தன் கதைக்குத் தானே சாட்சி நிற்கும் அந்த உத்தியை அவருக்குப் பிறகு வந்த எத்தனையோ பேர் எடுத்துக்கொண்டார்கள்.

இசையமைத்தவர்களில் ஷாட்டி ரெட் முக்கியமானவர். அவருடைய சிந்தசைசர் மெட்டுகள் திகில் படத்தின் பின்னணி இசை போல ஊர்ந்து வரும். அந்த இருட்டின் நடுவே நின்றுகொண்டு ஜீஸி, 'எழுந்திரு, உன்னால் முடியும்' என்கிறார். ஆல்பத்தின் தலைப்பிலேயே ஊக்கம் என்ற சொல் இருப்பது தற்செயல் அல்ல. இரவுக் காவலுக்குப் போகிறவரும் அதிகாலையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரும் அதைத் தங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். போதைப்பொருள் வியாபாரியின் பேச்சு எப்படி உழைக்கிறவனின் பேச்சானது என்பதுதான் அந்த ஆல்பத்தின் பெரிய சாதனை.

அவர் சொல்லாட்சியை நான் குறைவாக மதிப்பதாக நினைக்க வேண்டாம். எளிய சொல்லில் சிலேடை வைப்பார். பனிமனிதன் அவருடைய சின்னம். குழந்தைகள் விளையாட்டாகச் செய்யும் உருவம், ஆனால் அந்தப் 'பனி' கொக்கெயினைக் குறிக்கிறது. அந்தப் படம் போட்ட டி-ஷர்ட்டுகளை அமெரிக்காவில் பல பள்ளிகள் 2005இல் தடை செய்தன. ஒரே படம் சிறுவனுக்கு ஒரு பொருளும் தெருவுக்கு ஒரு பொருளும் தந்தது. காளமேகத்தின் ஊரிலிருந்து வரும் நமக்கு அதன் சாமர்த்தியம் புரியும். அதன் ஆபத்தும் புரியும்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். அந்த முதல் ஆல்பத்திலேயே ஜீஸி முழுமையாக இருந்தார். குரல், இடைவெளி, முழக்கம், பாடுபொருள், பார்வை எல்லாம் சமைந்து முடிந்தவை. முழுமையாக வந்தவர் எங்கே வளர்வது? 2006 டிசம்பரில் வந்த அடுத்த ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. நல்ல ஆல்பம்தான், ஆனால் முதல் ஆல்பத்தின் அடுத்த அறைதான்.

அவர் உண்மையிலேயே ஒரு படி தாண்டியது 2008 செப்டம்பர் 2ஆம் தேதி வந்த 'தி ரிசெஷன்' ஆல்பத்தில். தேதியைக் கவனியுங்கள். லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது செப்டம்பர் 15. பொருளாதார மந்தம் என்ற சொல்லைப் பெரிய பத்திரிகைகள் இன்னும் கேள்விக்குறியோடு எழுதிக்கொண்டிருந்த கோடைக்காலத்தில், இவர் அதையே ஆல்பத்தின் பெயராக வைத்துவிட்டார். தெருவில் பணப்புழக்கம் வற்றுவது வங்கிகளுக்குத் தெரிவதற்கு முன்பே தெருவுக்குத் தெரியும் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். செய்தி அறிவிப்புகளோடு தொடங்கி, யார் கையிலும் காசு இல்லை என்று அறிவித்துவிட்டு, அதன் பிறகே நம்பிக்கையைப் பேசத் தொடங்குகிறார். முதல் ஆல்பத்தில் 'நான் எப்படி எழுந்தேன் பார்' என்றவர் இங்கே 'நாம் எப்படி விழுந்தோம் பார்' என்கிறார். ஒருமை பன்மையாகிவிட்டது.

அந்த ஆல்பத்தின் கடைசிப் பாடல் 'மை பிரசிடென்ட்'. நியூயார்க் ராப்பர் நாஸ் விருந்தினர். ஒபாமா நவம்பரில் வெற்றி பெறுவதற்கு முன்பே வெளிவந்துவிட்ட பாடல், வெற்றி கிடைத்துவிட்டது என்ற துணிவோடு பாடுகிறது. அதன் பல்லவியில், நாட்டின் தலைவரின் நிறத்தையும் தன் லம்போகினி காரின் நிறத்தையும் ஒரே வரியில் வைக்கிறார் ஜீஸி. முதல் தடவை கேட்டபோது எனக்கு அது அற்பமாகப் பட்டது. சரித்திரம் நடக்கும்போது எதற்குக் காரைப் பற்றிப் பேச்சு? நாலைந்து தடவை கேட்ட பிறகுதான் விளங்கியது. தெருவில் வளர்ந்தவனுக்கு அதுவரை கைக்கு எட்டிய ஒரே வெற்றி அந்தக் கார்தான். அதற்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய இன்னொரு வெற்றி முதன்முறையாக வந்திருக்கிறது. தனக்குத் தெரிந்த அளவுகோலால் தெரியாத ஒன்றை அளந்து பார்க்கிறான். இதைவிட நேர்மையாக அந்த நாளை யாரும் பாடியதாக நான் கேட்டதில்லை. ஒரே ஆல்பம் என்றால் ஜீஸி என்று சொன்னேனே, அது இந்த ஆல்பம்தான்.

கூச்சியின் பாதை இதற்கு நேர் எதிர். அவர் அரைகுறையாகத்தான் வந்தார். 'ட்ராப் ஹவுஸ்' ஆல்பத்தை இன்று கேட்டால் உயிர்த்துடிப்பு இருக்கிறது, ஆனால் பாதிக்கு மேல் சாதாரணம். 2007இல் பெரிய நிறுவனம் ஒன்றின் வழியாக வந்த ஆல்பம் எடுபடவில்லை. அந்தத் தோல்விக்குப் பிறகு அவர் செய்ததுதான் விஷயம். ஆல்பங்களை விட்டுவிட்டு மிக்ஸ்டேப் பக்கம் முழு மூச்சாக இறங்கினார். மிக்ஸ்டேப் என்றால் நிறுவனத்தின் திட்டமிடல் எதுவும் இல்லாமல், பெரும்பாலும் இலவசமாக, டிஜேக்களின் கைவழியாகவும் இணையம் வழியாகவும் பரவும் தொகுப்பு. இன்று பதிவு செய்தால் அடுத்த வாரம் தெருவில் ஒலிக்கும். 2009 அக்டோபர் 17 அன்று ஒரே நாளில் மூன்று மிக்ஸ்டேப்கள் வெளியிட்டார். இந்த வேகத்தில் குப்பையும் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தினமும் பத்துப் பக்கம் எழுதும் எழுத்தாளனின் கைக்கு வரும் சரளம் அவர் நாக்குக்கு வந்தது.

அதற்குத் துணை நின்றவர் ஸேடோவன். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர், முடி திருத்தும் தொழிலும் செய்தவர். பெற்றோர் வீட்டின் அடித்தளத்தில்தான் ஸ்டூடியோ. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டில் ஓடும் விரல்கள் அப்படியே ட்ராப் மெட்டில் ஓடுவதைக் கேட்கலாம். ஷாட்டி ரெட்டின் இருட்டு ஜீஸியைக் கனமாக்கியது என்றால், ஸேடோவனின் குதூகலமான கட்டைகள் கூச்சிக்கு விளையாட இடம் கொடுத்தன.

அந்த விளையாட்டு எப்படிப்பட்டது என்று ஒரு பாடலை எடுத்துக் காட்டுகிறேன். 2009 மார்ச்சில் சிறையிலிருந்து வெளியே வந்தவுடன் பதிவு செய்த 'ஃபர்ஸ்ட் டே அவுட்'. இசை ஸேடோவன். பல்லவியே கிடையாது, நேராகப் பாட்டு. விடுதலையான முதல் நாள் காலையிலிருந்து தொடங்குகிறார். எழுந்தவுடன் புகை. பிறகு காலை உணவு: பான்கேக் வேண்டாம், ஒரு குவளை சிரப் மட்டும். இங்கே நிறுத்திக் கேளுங்கள். அமெரிக்கர்கள் பான்கேக்கின் மேல் ஊற்றிக்கொள்வதும் சிரப். அவர்கள் போதைக்காகக் குடிக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் சிரப். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் இருமல் சிரப் நினைவுக்கு வந்தால் சிலேடை தானாகப் பிடிபடும். அடுத்த வரியில் சமையல் சோடா, ஒரு பாத்திரம், ஒரு வெள்ளி முள்கரண்டி. காலை உணவு தயாராகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது கொக்கெயின் காய்ச்சும் அடுப்படியாக மாறிவிடுகிறது. ஒரு பொருளையும் மாற்றவில்லை. பாத்திரம் பாத்திரமாகவே இருக்கிறது. கேட்கிறவரின் கண்தான் மாறுகிறது. இவ்வளவும் முதல் நான்கு வரிகளில். நாளை வேலைக்குப் போகிறவர் தன் பையைச் சரிபார்ப்பது போன்ற அலட்சியமான குரலில் இதைச் சொல்கிறார். முதல் தடவை கேட்டபோது எனக்கு இதில் பாதிகூடப் பிடிபடவில்லை. தாளத்துக்காகக் கேட்டேன். பிடிபட்ட அன்று பாடலை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வரியாகத் திரும்பக் கேட்டேன்.

ஒலிநயத்திலும் அவருக்கு ஈடு குறைவு. ராப்பில் பெரும்பாலும் நம் இயைபு போல வரியின் கடைசியில்தான் ஒலி ஒத்துவரும். கூச்சி ஒரே உயிரொலியைப் பிடித்துக்கொண்டு வரியின் நடுவிலும் தொடக்கத்திலும் அதைத் தெளித்துக்கொண்டே போவார். எதுகை, மோனை, இயைபு மூன்றும் ஒன்றாக வரும் அடியை வாய்விட்டுப் படிக்கும்போது கிடைக்கும் சுகம் அதில் உண்டு. 'லெமனேட்' பாடலைக் கேளுங்கள். பாங்ளாதேஷ் என்ற பெயர்கொண்ட இசையமைப்பாளரின் பியானோ மீது, பாடல் முழுவதையும் மஞ்சள் என்ற ஒரே நிறத்தால் கட்டியிருக்கிறார். சங்கிலியில் மின்னும் கல்லில் தொடங்கி, கண்ணில் படுவதெல்லாம் மஞ்சள். மொத்தப் பாடலிலும் கருத்து என்று ஒன்றும் இல்லை, நிறம் மட்டும்தான். அதை நான்கு நிமிடம் அலுக்காமல் நடத்திச் செல்வது லேசான காரியம் அல்ல. இந்தப் பாடல் இடம்பெற்ற ஆல்பம் 2009 டிசம்பரில் வெளிவந்தபோது அவர் மீண்டும் சிறையில் இருந்தார்.

பிறகு சரிவு. 2011 ஜனவரியில் மனநல மருத்துவமனையிலிருந்து வந்தவர் கன்னத்தில் ஐஸ்கிரீம் கோன் ஒன்றைப் பச்சை குத்திக்கொண்டார். உலகம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன் என்பதை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது. அது நோயில் இருந்த ஒரு மனிதரின் முகம். அந்த ஆண்டுகளின் பாடல்களில் நாக்கு குழறுகிறது, சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிகின்றன. 2013இல் கைதாகி, முன்பே குற்றத்தண்டனை பெற்றவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை மீறியதற்காக 39 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். உள்ளே இருந்த காலத்திலும், ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்தவற்றிலிருந்து மிக்ஸ்டேப்கள் வந்துகொண்டே இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றைத் தாராளமாக ஒதுக்கிவிடலாம்.

2016 மே 26 அன்று இண்டியானாவின் டெர் ஹோட் சிறையிலிருந்து வெளியே வந்தார். உடல் பாதியாக இளைத்திருந்தது. போதையை விட்டிருந்தார். உச்சரிப்பு அவ்வளவு தெளிவாக இருந்ததால், இவர் பழைய கூச்சி அல்ல, நகல் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று ரசிகர்கள் கதைகூடக் கட்டினார்கள். மறுநாளே ஒரு பாடல் வந்தது. ஏறக்குறைய அதே தலைப்பு: சிறையிலிருந்து வந்த முதல் நாள். இந்த முறை காலை உணவு இல்லை, அடுப்படி இல்லை. தான் சிலருக்குச் செய்தது கொடுமை என்கிறார். இப்போது எனக்கு நடப்பது அந்த வினைதானா என்று கேட்கிறார். பெற்ற தாயே தன்னிடம் முகம் திருப்பிக்கொண்டதைச் சொல்லிவிட்டு, அவள் என் தாய் என்பதை இன்னொரு தடவை சொல்கிறார். அந்த இரண்டாவது தடவைக்கு அணி, அலங்காரம் எதுவும் இல்லை. எந்தப் பொருளையும் நான்கு பொருளாகக் காட்டத் தெரிந்த ஒருவர் 'தாய்' என்ற சொல்லை மட்டும் தாயாகவே விட்டுவைக்கிறார். 2009 பாடலையும் 2016 பாடலையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். நான் வளர்ச்சி என்று சொல்வது இந்த ஏழு ஆண்டு தூரத்தைத்தான். அதே ஆண்டு ஜூலையில் வந்த 'எவ்ரிபடி லுக்கிங்' ஆல்பத்தில், போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுகொண்டிருப்பவன் நான் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அவ்வளவு காலம் சிரப்பைச் சிலேடையாக்கியவர் அவர். அடுத்த ஆண்டு சுயசரிதை எழுதினார்.

நான் கூச்சியை முன்னால் வைப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. சிலர் இதைக் கலை வளர்ச்சிக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பார்கள். நான் சேர்ப்பேன். கிழக்கு அட்லான்டாவில் அவர் நடத்திய ஸ்டூடியோவுக்குள் வந்துபோனவர்களைப் பாருங்கள்: வாக்கா ஃப்ளாக்கா ஃப்ளேம், யங் தக், மிகோஸ், ஃப்யூச்சர். இசையமைப்பாளர்களில் மைக் வில், மெட்ரோ பூமின். இவர்களில் யாரும் அன்று பெரியவர்கள் அல்லர். யங் தக்கின் கீச்சுக் குரலை வேறொருவர் பாட்டே இல்லை என்று சொல்லியிருப்பார். இளையவர்களைப் பக்கத்தில் நிறுத்திப் பாடியதில் அவர் பாட்டும் மாறியது. அவர்களிடமிருந்து புதிய ஒலிநடைகளைக் கற்றுக்கொண்டார். 2016 நவம்பரில் ரே ஸ்ரெம்மர்ட் என்ற ராப் இரட்டையரின் 'பிளாக் பீட்டில்ஸ்' பாடல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் ஏறியது. அதில் விருந்தினராக ஒலித்தது சிறையிலிருந்து ஆறு மாதத்துக்கு முன் வந்த இந்த மனிதரின் குரல். இன்று உலகம் முழுவதும், நம் திரைப்பாடல்களின் தாளக்கட்டு உட்பட, ட்ராப் என்று ஒலிப்பதில் அந்த ஸ்டூடியோவின் பங்கு பெரிது.

ஜீஸியின் பிற்கால ஆல்பங்களின் தலைப்புகளை வரிசையாகப் படித்தால் ஒன்று தெரியும்: 'தக் மோட்டிவேஷன்' 102, 103, 104; 'ட்ராப் ஆர் டை 3'; 'தி ரிசெஷன் 2'. தான் கட்டிய பழைய வீடுகளுக்கே திரும்பத் திரும்பப் போய் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். கூச்சியும் பழைய தலைப்புகளுக்குத் தொடர்ச்சி போட்டிருக்கிறார்தான், ஆனால் அவருடைய கடலளவு தொகுப்புகளில் அவை ஒரு மூலை. ஜீஸியின் தரம் பெரிதாகக் குறையவில்லை. 2014இல் ராப்பர் ஜே-ஸியோடு பாடிய 'சீன் இட் ஆல்' அவருடைய சிறந்த பாடல்களில் ஒன்று. ஆனால் வியப்பு குறைந்துபோனது. 2023இல் அவரும் நினைவுக்குறிப்பு எழுதினார். முதல் ஆல்பத்தின் இருபதாம் ஆண்டையொட்டி 2025இல் முழு இசைக்குழுவோடு, கோட்டும் சூட்டுமாக மேடையேறி அதே பாடல்களைப் பாடினார். வயலின்கள் சூழ அந்தச் சரளைக் குரல் எடுபட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்தப் பாடல்களுக்குள் எப்போதும் ஒரு பிரசங்கியின் கம்பீரம் இருந்தது.

முன்பு விட்ட இடத்துக்கு வருகிறேன். 2009 வாக்கில் ஒருமுறை சமாதானம் பேசப்பட்டு நிலைக்காமல் போனது. 2012இல் கூச்சி 'ட்ரூத்' என்ற வசைப்பாடலை வெளியிட்டார். இறந்துபோன அந்த இளைஞரையே அதில் ஏளனம் செய்திருந்தார். 2020 நவம்பர் 19 அன்று, அட்லான்டாவின் மேஜிக் சிட்டி நடன விடுதியில், இரு கலைஞர்கள் மாறி மாறித் தங்கள் பாடல்களால் மோதும் வெர்ஸஸ் என்ற இணைய மேடையில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். முதலில் ஜீஸிக்கு எதிரே நிற்பதாக இருந்தவர் டி.ஐ., பிறகு அந்த இடத்துக்குக் கூச்சி வந்தார். இன்ஸ்டாகிராமில் மட்டும் ஒரே நேரத்தில் 18 லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். ஜார்ஜியாவில் செனட் மறுதேர்தல் நெருங்கிய நேரம். அந்த மாநிலத்தின் அரசியல் தலைவர் ஸ்டேசி ஏப்ரம்ஸ் தோன்றி வாக்களிக்கச் சொல்லி நிகழ்ச்சியைத் தொடங்கி வைத்தார்.

அந்த மேடையில் கூச்சி 'ட்ரூத்' பாடினார். எதிரே நின்றவரின் நண்பரின் மரணத்தை, அவர் முகத்துக்கு நேரே. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு உடல் கூசியது. ஜீஸி பதிலுக்குப் பாடவில்லை. பேசினார். நான்தான் உன்னை அழைத்தேன் என்றார். நம் இருவருக்கும் நடந்தது உண்மையான விஷயம், நம்மைப் பார்த்துத்தான் இந்தப் பிள்ளைகள் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்னும் பொருளில் சொன்னார். சுட்டுக் கொல்லப்பட்ட இளம் ராப்பர்களின் பெயர்களைச் சொன்னார். அவர்களில் ஒருவரான கிங் வான் அதே அட்லான்டாவில் உயிரிழந்து அப்போது இரண்டு வாரம்கூட முழுமையாக ஆகியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் அரங்கில் இசையே இல்லை. பிறகு கூச்சி இறங்கி வந்தார். அவமதிக்கும் எண்ணம் இல்லை, அழைத்ததற்கு நன்றி என்றார். கடைசியாக இருவரும் சேர்ந்து 'ஐஸி' பாடினார்கள், பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு.

நீங்கள் கேட்டது கலைஞராக வளர்ந்தவர் யார் என்று, அதற்கு என் பதில் மாறவில்லை. அந்த இரவில் மனிதராக வளர்ந்து நின்றவர் யார் என்று கேட்டிருந்தால், ஜீஸி என்றுதான் எழுதியிருப்பேன்.